ராஜாவைக் கடைசியில் பாருங்கள்: வேட்டை ஓவியங்களைப் படிப்பது எப்படி?

அக்பர் வேட்டையாடும் ஓவியம் ஒன்று லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்து ஒரே படம். குதிரை மேல் பேரரசர், சுற்றிலும் தலைதெறிக்க ஓடும் மான்கள், அவற்றின் மேல் பாயும் சிவிங்கிகள், அதாவது சீட்டாக்கள். கண் நேராக அங்கேதான் போகும். கொஞ்சம் பொறுத்து, ஓரத்துக்கு வாருங்கள். அங்கே ஓர் ஆள் கழுதை மேல் உட்கார்ந்திருக்கிறான். தலை மொட்டை. வேட்டைக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவன் பெயர் ஹமீத் பகாரி. அக்பரின் பணியாட்களில் ஒருவன். வேட்டை நடந்த இடத்தில் அரசவையைச் சேர்ந்த இன்னொருவர் மேல் அம்பு விட்டுவிட்டான். அக்பர் தம் வாளையே எடுத்துக் கொடுத்து அவனை வெட்டச் சொன்னாராம். இரண்டு முறை ஓங்கி வெட்டியும் காயம் படவில்லை. சரி, விதி இவனைக் காப்பாற்றுகிறது என்று உயிரை மட்டும் விட்டுவிட்டு, மொட்டையடித்துக் கழுதை மேல் ஏற்றி வேட்டைக் களத்தைச் சுற்றி வரச் செய்தார். இதை எழுதி வைத்தவர் அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல். அவர் எழுதிய அக்பரின் வரலாற்றுக்கு அக்பர்நாமா என்று பெயர். இந்த ஓவியமும் அந்த நூலுக்காகத் தீட்டப்பட்டதுதான்.

அந்த மொட்டைத் தலையைப் பார்த்த பிறகு படமே மாறிவிடுகிறது. மான் வேட்டை என்று நினைத்தது ஒரு தர்பாராகத் தெரியத் தொடங்குகிறது. தண்டனை கொடுப்பவர், வாங்குபவன், வேடிக்கை பார்ப்பவர்கள், அடங்கி நடக்கும் விலங்குகள், அடங்காத விலங்குகள் என்று எல்லோரும் ஒரே வேலிக்குள் இருக்கிறார்கள்.

இந்த மாதிரி ஓவியங்களை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ராஜாவைக் கடைசியில் பாருங்கள். அவரைப் பார்க்க வைக்கத்தான் மொத்தப் படமும் கட்டப்பட்டிருக்கிறது, எப்படியும் பார்த்துவிடுவீர்கள். விஷயம் ஓரங்களில் இருக்கிறது.

கையில் வைத்துப் பார்க்கும் படம்

மினியேச்சர் ஓவியத்தைத் தமிழில் சிற்றோவியம் என்றும் நுண்ணோவியம் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு நுண்ணோவியம் என்ற சொல்தான் பிடிக்கும். படம் சிறியது என்பதைவிட வேலை நுணுக்கமானது என்பதுதான் முக்கியம். மேலே சொன்ன அக்பர்நாமா ஓவியங்களில் ஒரு பக்கத்தின் உயரம் சுமார் 33 சென்டிமீட்டர், அகலம் சுமார் 20. ஏறக்குறைய ஒரு ஏ4 தாள். சுவரில் மாட்டித் தூர நின்று பார்ப்பதற்காகச் செய்தவை அல்ல. புத்தகத்தின் பக்கமாகவோ தொகுப்பேட்டின் தாளாகவோ மடியில் வைத்து, குனிந்து பார்ப்பதற்காகச் செய்தவை. இன்று அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் இவற்றை விரல்களால் விரித்துப் பெரிதாக்கிப் பார்க்கிறோமே, அது அன்றைய பழக்கத்துக்கு ரொம்பவே நெருக்கமானது.

பல தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் கெட்டியாக்கி, வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். அணில் வால் மயிரில் கட்டிய தூரிகை. பச்சைக்கு மலக்கைட் கல், நீலத்துக்கு லாபிஸ் லசூலி, மஞ்சளுக்கு அரிதாரம், சிவப்புக்குச் சாதிலிங்கம், அப்புறம் பொன். அரைத்த வண்ணத்தைச் சிப்பி ஓடுகளில் வைத்துக்கொள்வார்கள்.

அக்பர் காலத்து ஓவியம் பெரும்பாலும் ஒரே ஆளின் வேலை இல்லை. ஒருவர் படத்தைத் திட்டமிட்டுக் கோடு போடுவார். இன்னொருவர் வண்ணம் தீட்டுவார். சில சமயம் முகங்களுக்கு மட்டும் மூன்றாவதாக ஒருவர் வருவார். அரண்மனை எழுத்தர்கள் பக்கத்தின் அடியில் இந்தப் பெயர்களைக் குறித்து வைத்தார்கள். நம் கழுதைக்காரன் இருக்கும் வேட்டைப் படத்தைத் திட்டமிட்டவர் மிஸ்கினா. விலங்குகளை வரைவதில் பெரிய கை. அக்பர்நாமாவில் வண்ணம் தீட்டியவர்களில் மன்சூர் என்றொருவர் உண்டு. பின்னாளில் ஜஹாங்கீருக்காகப் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்து ‘காலத்தின் அற்புதம்’ என்று பட்டம் வாங்கியவர்.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேட்டை நடந்தது 1567-இல். ஓவியம் தீட்டப்பட்டது 1590-களை ஒட்டி. இடையில் இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஆகவே இதை நேரில் பார்த்து வரைந்த காட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அரசரின் வரலாறு என்று எழுதப்பட்ட உரைக்குப் பக்கத்தில், அந்த உரையை நம்ப வைப்பதற்காகப் பிறகு செய்யப்பட்டது.

வேலிக்குள் ஒரு நாடு

1567-இல் லாகூருக்குப் பக்கத்தில் நடந்தது சாதாரண வேட்டை இல்லை. கமர்கா என்று பெயர். மங்கோலியர்களிடமிருந்து மத்திய ஆசியா வழியாக முகலாயர்களுக்கு வந்த முறை. ஆயிரக்கணக்கான ஆட்கள் காட்டைச் சுற்றிப் பெரிய வட்டமாக நிற்பார்கள். பறையடித்துக்கொண்டும் கூச்சல் போட்டுக்கொண்டும் நாளுக்கு நாள் வட்டத்தைச் சுருக்குவார்கள். அகப்பட்ட விலங்குகள் உள்பக்கமாக நெருக்கப்பட்டுக்கொண்டே வரும். இந்த விரட்டலே ஒரு மாதம் நடந்ததாக அபுல் ஃபசல் சொல்கிறார். வட்டம் சுருங்கி முடிந்த பிறகு முதலில் உள்ளே இறங்குகிறவர் பேரரசர் மட்டும்தான். அக்பர் ஐந்து நாள் வேட்டையாடினார். அம்பு, ஈட்டி, வாள், துப்பாக்கி என்று ஆயுதத்தை மாற்றி மாற்றி. அவர் முடித்த பிறகுதான் பெரிய அதிகாரிகள், அப்புறம் அடுத்தடுத்த நிலையில் உள்ளவர்கள்.

இதைப் படையோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பேரை ஒரு மாதம் வரிசை கலையாமல் நகர்த்துவது, அவர்களுக்குச் சாப்பாடு போடுவது, யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது. போர் என்று பெயர் சொல்லாமல் நடத்தும் போர்ப் பயிற்சி இது. பக்கத்து நாட்டில் எவனாவது கலகம் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், லாகூரில் வேட்டை நடக்கிறது என்ற செய்தியே அவனுக்குப் போதும்.

அபுல் ஃபசல் இன்னொரு காரணமும் சொல்கிறார். மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் வேட்டையை வெறும் விளையாட்டு என்பார்கள். பேரரசருக்கோ அது அறிவைப் பெருக்கும் வழி, முன்னறிவிப்பு இல்லாமல் போய் மக்களும் படையும் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரிக்க ஒரு வாய்ப்பு என்கிறார். ஆயிரக்கணக்கான ஆட்கள் பறையடித்துக்கொண்டு வந்தால் அதில் என்ன முன்னறிவிப்பு இல்லாமை என்று கேட்கத் தோன்றும். அபுல் ஃபசல் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியவர், அதையும் மறந்துவிட வேண்டாம். ஆனாலும் அந்தக் காரணம் முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். முகலாயப் பேரரசர் ஊர் சுற்றும்போது அரசாங்கமும் கூடவே சுற்றியது. கூடாரம், அலுவலகம், நீதி, கஜானா எல்லாம் கூடவே நகரும். வேட்டைக் களத்தில் ஹமீத் பகாரிக்குத் தண்டனை கிடைத்தது அப்படித்தான்.

நம் கோயில்களில் சாமி பரிவேட்டைக்குப் புறப்படுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. வேட்டைக்குப் போவது அரசனின் லட்சணங்களில் ஒன்று. சாமியே அரசன் என்றால் சாமியும் போக வேண்டும்.

இப்போது மறுபடி படத்துக்கு வாருங்கள். வளைத்துக் கட்டிய வேலியை மேலிருந்து பார்ப்பது மாதிரி வரைந்திருக்கிறார்கள். குதிரையும் மனிதர்களும் பக்கவாட்டில் இருந்து பார்ப்பது மாதிரி. அடிவானம் மேலே எங்கோ இருக்கிறது. தூரத்தில் இருப்பவர் சிறியவராகத் தெரிய வேண்டும் என்ற விதி இங்கே கண்டிப்பாக இல்லை. பள்ளிக்கூட ஓவிய வகுப்பில் படித்தவர்களுக்கு இது பிழையாகத் தெரியும். பிழை இல்லை. ஊர்த் திருவிழாவைப் பற்றிச் சொல்லும் ஒருவர், தேர் எங்கே நின்றது, யார் வடம் பிடித்தார்கள், கடைத்தெருவில் என்ன சண்டை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார் இல்லையா? அவர் ஓரிடத்தில் நின்று எதையும் பார்க்கவில்லை. ஓவியரும் அப்படித்தான். வேலி முழுதாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் எந்த விலங்கும் தப்ப முடியாது என்பதுதான் செய்தி. குதிரை பக்கவாட்டில் தெரிய வேண்டும், அப்போதுதான் அதன் வேகம் தெரியும்.

கழுத்தில் பட்டை இருக்கிறதா?

ஓரங்களைப் பார்க்கப் பழகியவர்கள் அடுத்து விலங்குகளின் கழுத்தைப் பார்க்க வேண்டும். பட்டை இருந்தால் அது வேட்டையாடப்படும் விலங்கு அல்ல, வேட்டையாடும் விலங்கு.

சிவிங்கியைத் தமிழில் பலரும் சிறுத்தை என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டும் வேறு. சிறுத்தையின் உடம்பில் இருப்பது பூப்பூவான வளையங்கள். சிவிங்கிக்கு மை தொட்டு வைத்த மாதிரி முழுப் புள்ளிகள். கண்ணின் உள்முனையிலிருந்து வாய் வரை ஒரு கறுப்புக் கோடு, அழுது காய்ந்த கண்ணீர் மாதிரி. முகலாய ஓவியர்கள் இந்தக் கறுப்புக் கோட்டை வரையாமல் விடுவதில்லை. கண்ணைத் துணியால் மூடி மாட்டு வண்டியில் உட்கார வைத்துக் களத்துக்குக் கொண்டுவருவார்கள். வெளிமான் கூட்டம் தெரிந்ததும் கண்கட்டை அவிழ்த்து விடுவார்கள். துணியால் கண் மூடிய சிவிங்கி வண்டியில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் காட்சியை எந்த ஓவியத்திலாவது பார்த்தால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பள்ளிக்கூட வேனில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை மாதிரியே இருக்கும்.

அக்பருக்குச் சிவிங்கிப் பைத்தியம் உண்டு. அவரிடம் ஆயிரம் சிவிங்கிகள் இருந்ததாக மகன் ஜஹாங்கீர் எழுதியிருக்கிறார். சித்ரநஜன் என்று ஒன்றுக்குப் பெயர். 1572-இல் சாங்கானேர் பக்கம் வேட்டை நடந்தபோது, அது துரத்திய மான் அகலமான ஒரு பள்ளத்தைத் தாண்டிவிட்டது. சித்ரநஜனும் தாண்டிப் போய் மானைப் பிடித்தது. அக்பர் அதற்குச் சிவிங்கிகளின் தலைவன் என்று பதவி உயர்வு கொடுத்தார். அது போகும்போது முன்னால் முரசு அடிக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். முரசு முன்னால் போவது பெரிய அதிகாரிகளுக்குக் கிடைக்கும் மரியாதை. சாங்கானேர் வேட்டையும் அக்பர்நாமாவில் ஓவியமாக இருக்கிறது.

கழுதை மேல் மனிதன், முரசோடு சிவிங்கி. சொன்னபடி நடந்தால் விலங்குக்கும் பதவி, நடக்காவிட்டால் மனிதனுக்கும் விலங்கின் நிலை. முகலாய வேட்டை ஓவியங்களின் அரசியல் பாடம் எனக்கு இவ்வளவுதான் என்று தோன்றும்.

படத்தில் இல்லாத பேரரசர்

ஜஹாங்கீருக்கு வருவோம். இவர் நாட்குறிப்பு எழுதியவர், கணக்கு வைத்துக்கொண்டவர். பன்னிரண்டாவது வயதிலிருந்து சந்திர ஆண்டுக் கணக்கில் ஐம்பதாவது வயது வரை தம் வேட்டைகளில் விழுந்தவை 28,532 என்றும், அவற்றில் தம் கையாலேயே கொன்றவை 17,167 என்றும் எழுதி வைத்திருக்கிறார். அதில் 10,348 வெறும் புறாக்கள் என்பதையும் மறைக்கவில்லை. எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான். வேறு அரசராக இருந்தால் புறாவைத் தள்ளிவிட்டுப் புலிக் கணக்கை மட்டும் சொல்லியிருப்பார்.

1610-இல் ஆக்ரா பக்கம் பாரி என்ற இடத்தில் வேட்டை. சாயங்காலம் ஆகிவிட்டது. பாதி தின்ற மாட்டின் பக்கத்தில் சிங்கம் ஒன்று உட்கார்ந்திருப்பதாக அனூப் ராய் என்ற ஊழியர் ஆள் அனுப்பினார். ஜஹாங்கீர் மகன் குர்ரமையும் சிலரையும் மட்டும் கூட்டிக்கொண்டு போனார். குதிரை நிலையாக நிற்கவில்லை, இறங்கித் துப்பாக்கியால் சுட்டார். மறுபடி சுட்டார். சிங்கம் சாகவில்லை, பாய்ந்தது. நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் ஜஹாங்கீர் கீழே விழுந்தார். இரண்டு மூன்று பேர் தம் நெஞ்சின் மேல் கால் வைத்துத் தாண்டிப் போனது நிச்சயம் என்று அவரே எழுதுகிறார். உலகைப் பிடிப்பவர் என்று பெயர் வைத்துக்கொண்ட பேரரசரின் நெஞ்சை மிதித்துக்கொண்டு அவருடைய ஆட்களே ஓடியிருக்கிறார்கள்.

ஓடாமல் நின்றவர் அனூப் ராய். கையில் இருந்த தடியால் சிங்கத்தின் தலையில் அடித்தார். அது அவர் கைகளைக் கவ்விக்கொண்டு அவரைக் கீழே தள்ளியது. குர்ரம் வாளால் வெட்டினார், மற்றவர்களும் அடித்தார்கள். அனூப் ராய் பிழைத்துக்கொண்டார். ‘சிங்-தலன்’, அதாவது சிங்கத்தைத் தகர்த்தவர் என்று அவருக்குப் பட்டம் கிடைத்தது.

இந்தச் சம்பவத்தின் புகழ்பெற்ற ஓவியம் பாட்ஷாநாமா என்ற நூலில் இருக்கிறது. 1640-ஐ ஒட்டி பால்சந்த் வரைந்தது. அந்த நூல் இன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் விண்ட்சர் சேகரிப்பில் இருக்கிறது. அதில் சிங்கத்தின் அடியில் அனூப் ராய் கிடக்கிறார். வாளோடு குர்ரம் வருகிறார். ஜஹாங்கீரும் இருக்கிறார். ஆனால் கீழே விழுந்து மிதிபடும் ஜஹாங்கீர் இல்லை.

ஏன் என்று கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பாட்ஷாநாமா யாருடைய வரலாறு? ஷாஜஹானுடையது. ஷாஜஹான் யார்? அந்த குர்ரம்தான். சம்பவம் நடந்து ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குப் பிறகு, பேரரசராகிவிட்ட மகன் தன் இளமைக் கதையை வரையச் சொல்கிறார். தந்தையின் குறிப்பில் கதாநாயகன் அனூப் ராய். மகனின் ஓவியத்தில் கதாநாயகன் மகன். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

வேட்டை ஓவியத்துக்குப் பக்கத்தில் வேறு எழுத்துச் சான்று கிடைத்தால் விடவே கூடாது என்று சொல்வது இதனால்தான். எதை வரைந்தார்கள் என்பதைவிட எதை விட்டார்கள் என்பது சில சமயம் அதிகம் பேசும். ஒரு சின்ன எச்சரிக்கை: பாரசீகத்தில் ‘ஷேர்’ என்ற ஒரே சொல்லை இந்தியாவில் சிங்கத்துக்கும் புலிக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மொழிபெயர்ப்பில் புலி என்று இருந்தால் ஓவியத்தில் பிடரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இதே ஜஹாங்கீரின் இரண்டு முகங்களையும் சொல்லாமல் விட முடியாது. மன்ஸ்ராஜ் என்று அவருக்கு ஒரு மான் இருந்தது. பிடித்துப் பழக்கி, காட்டு மான்களை வசப்படுத்தப் பயன்படுத்திய மான். அது செத்தபோது லாகூருக்கு அருகே ஷேக்குபுராவில் அதற்குக் கல்லறை கட்டினார். இந்த வெளியில் இனி யாரும் மான் வேட்டையாடக் கூடாது என்று கல்லில் எழுதி வைத்தார். பக்கத்தில் எழுப்பிய ஹிரன் மினார் என்ற கோபுரம் இன்றும் பாகிஸ்தானில் நிற்கிறது. இன்னொரு நாள், நீல்காய் என்ற பெரிய மான் வகை விலங்கு ஒன்றைக் குறிபார்த்துக்கொண்டிருக்கும்போது குதிரைக்காரன் ஒருவனும் பல்லக்குத் தூக்குபவர்கள் இருவரும் தெரியாமல் குறுக்கே வந்துவிட்டார்கள். நீல்காய் ஓடிவிட்டது. குதிரைக்காரனை அந்த இடத்திலேயே கொல்லவும், மற்ற இருவரின் கால் நரம்பை அறுத்துக் கழுதை மேல் ஏற்றி முகாமைச் சுற்றி வரவும் உத்தரவிட்டார். இதையும் அவரே எழுதியிருக்கிறார். மறுபடியும் கழுதை.

ராணிகள் வேட்டையாடினார்களா என்று கேட்பீர்கள். நூர்ஜஹான் 1617-இல் யானை அம்பாரியில் உட்கார்ந்தபடி ஆறு குண்டுகளில் நான்கு புலிகளைச் சுட்டதாகக் கணவர் பெருமையாக எழுதுகிறார். அபுல் ஹசன் வரைந்த ஓவியம் ஒன்று ராம்பூர் ராஸா நூலகத்தில் இருக்கிறது. அதில் நூர்ஜஹான் கையில் நீளமான துப்பாக்கியோடு நிற்கிறார். புலியும் இல்லை, காடும் இல்லை, ஆட்களும் இல்லை. வேட்டை ஓவியம் என்று இதைச் சொல்லலாமா என்று சண்டை போடலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தக் காலத்து அரண்மனைப் பெண்ணை ஆடை அலங்காரத்தில் மூழ்கியவளாகவே வரைந்து பழகிய கைகள், இங்கே துப்பாக்கியின் எடையை வரைந்திருக்கின்றன.

ராஜஸ்தானத்துக் காடு

பதினெட்டாம் நூற்றாண்டில் முகலாய அரசு தளர்ந்தது. வேட்டை ஓவியம் தளரவில்லை, ராஜபுத்திர அரண்மனைகளில் வேறு உருவம் எடுத்தது.

மேவார், அதாவது உதய்ப்பூர் ஓவியங்களைப் பார்க்கும் புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒரே படத்தில் ஒரே மாதிரி நாலைந்து ராஜாக்கள் தெரிவார்கள். எல்லாரும் ஒருவரே. மேலே மகாராணா குதிரையில் காட்டுப்பன்றியைத் துரத்துகிறார், நடுவில் ஈட்டியால் குத்துகிறார், கீழே மரத்தடியில் பரிவாரங்களோடு இளைப்பாறுகிறார். ஒரு நாள் முழுக்க நடந்ததை ஒரே பரப்பில் விரித்துவிட்டார்கள். பக்கம் பிரிக்காத சித்திரக்கதை மாதிரி. இரண்டாம் சங்கிராம் சிங் (1710-1734) காலத்திலிருந்து இப்படிப் பெரிய அளவுப் படங்கள் நிறைய வந்தன. மகாராணா அரி சிங்கையும் (1761-1773) வேட்டையில் அடிக்கடி பார்க்கலாம். 1773-இல் பூந்தி ராஜாவோடு வேட்டைக்குப் போனவர் திரும்பவில்லை. அந்த ராஜாவே அவரைக் கொன்றுவிட்டார்.

ஆடையின் நிறத்தையும் பாருங்கள். தர்பாரில் வெள்ளையும் பொன்னுமாக இருப்பவர்கள் வேட்டையில் பச்சைக்கு மாறியிருப்பார்கள். இலைகளுக்குள் மறைவதற்காக. ஆனால் தலைக்குப் பின்னால் பொன் ஒளிவட்டம் இருக்கும். புலிக்குத் தெரியக் கூடாது, நமக்குத் தெரிய வேண்டும்!

எனக்குப் பிடித்தவை கோட்டா ஓவியங்கள். கோட்டாவில்தான் காடு கதாபாத்திரம் ஆகிறது. பாறைகள் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு மரத்துக்கும் இலை வேறு, அத்தனை இலையையும் தனித்தனியாக வரைந்திருப்பார்கள். அந்த இலைக் கூட்டத்துக்குள் புலியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டால் கண்ணை எடுக்க முடியாது. முதுகை வளைத்து, வாலைச் சுழற்றி, ஓர் ஆட்டக்காரனைப் போல இருக்கும். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்துத்தான், மரத்தின் மேல் கட்டிய பரணில் துப்பாக்கியோடு இரண்டு பேர் இருப்பது தெரியும். ஷேக் தாஜு இந்த வகையில் பேர்போன ஓவியர்.

பரணில் இருக்கும் அந்த இரண்டு பேர் பல படங்களில் கோட்டா அரசர் மகாராவ் உமேத் சிங்கும் அவருடைய அமைச்சர் ஜாலிம் சிங் ஜாலாவும். உமேத் சிங் சிறுவனாக இருக்கும்போதே பட்டத்துக்கு வந்தார், 1819 வரை அரசர். ஆனால் வரி, படை, ஆங்கிலேயரோடு பேச்சுவார்த்தை எல்லாம் ஜாலிம் சிங் கையில். ராஜா வேட்டையாடிக்கொண்டிருந்தார், ஜாலிம் சிங் நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். படத்தில் ஒளிவட்டம் யாருக்கு இருக்கிறது என்று பாருங்கள். பிறகு, அதே கிளையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள். ராஜாவைக் கடைசியில் பார்க்கச் சொன்னதற்கு இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

அவர்கள் வேட்டையாடிய தர்ரா காடு இன்று முகுந்தரா மலைப் புலிகள் காப்பகத்தின் ஒரு பகுதி.

கேமரா வந்த பிறகு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உதய்ப்பூரில் மகாராணா ஃபதே சிங்குக்காக சிவலால் போன்றவர்கள் இன்னும் வேட்டைப் பயணங்களைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். புகைப்படத்தின் பாதிப்பு அவற்றில் தெரியும். நிழல் விழும், தூரம் மங்கும். கொஞ்ச காலத்தில் புகைப்படமே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. செத்த புலியின் மேல் காலை வைத்து, துப்பாக்கியை ஊன்றி நிற்கும் மகாராஜாக்களின் படங்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் உறைக்கிறது. கேமராவுக்கு விலங்கு அசையாமல் கிடக்க வேண்டும், ஆகவே செத்திருக்க வேண்டும். ஓவியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மிஸ்கினாவின் மான்களும் பால்சந்தின் சிங்கமும் கோட்டாவின் புலியும் முழு உயிரோடு இருக்கின்றன. அரசர் பெரியவர் என்று காட்ட வேண்டுமானால் எதிரில் இருப்பதும் பெரியதாக இருக்க வேண்டும் என்று அந்த ஓவியர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் சில படங்களில் ராஜாவின் முகத்தில் இல்லாத உயிர்ப்பு விலங்கின் முகத்தில் இருக்கிறது. பக்கவாட்டு முகமாக, உணர்ச்சியே காட்டாமல் வரையப்பட வேண்டியது அரச லட்சணம். பாவம், புலிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

படங்களில் ஏராளமாக ஓடிய அந்தச் சிவிங்கிகள் என்ன ஆயின? பழக்குவதற்காகக் காட்டிலிருந்து பிடித்துக்கொண்டே இருந்தார்கள். அடைத்து வைத்தால் அவை எளிதில் குட்டி போடாது. ஒரே ஒரு முறை மூன்று குட்டிகள் பிறந்ததை ஜஹாங்கீர் அதிசயமாகக் குறித்து வைத்திருக்கிறார். பிற்காலத்தில் துப்பாக்கிகள் பெருகின, புல்வெளிகள் குறைந்தன. 1947-இல் இன்றைய சத்தீஸ்கரில் உள்ள கோரியாவின் மகாராஜா மூன்று சிவிங்கிகளைச் சுட்டார். 1952-இல் இந்தியாவில் அந்த இனம் அற்றுப்போனதாக அரசு அறிவித்தது. சித்ரநஜன் பள்ளம் தாண்டிய சாங்கானேரில் இப்போது ஜெய்ப்பூர் விமான நிலையம் இருக்கிறது.

2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளை விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டில் விட்டார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்தபோது பழக்கதோஷத்தில் முதலில் கழுத்தைத்தான் பார்த்தேன். பட்டை இருந்தது. இந்த முறை ரேடியோ காலர்.